கையெழுத்துக்கு மேலே

மார்ச் 2

பொருளியல் ரஃப் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்னாலிருந்து திறந்தால் தேவை வளைகோடுதான் தெரியும். அம்மா அதைப் பார்த்ததுமே மூடிவிடுவாள். எல்லோரும் தூங்கின பிறகு அரிசி டிரம்முக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில் எழுத வேண்டியிருக்கிறது. இந்த வீட்டில் வேறு இடம் கிடையாது.

நாளை தமிழ்ப் பரீட்சை. இன்றைக்குப் போய் அப்பா சொல்கிறார்: "ஏட்டி முப்பிடாதி, நீ பிளஸ் டூ முடிச்சதும் லா காலேஜ்தான். முடிவு பண்ணியாச்சு."

யார் முடிவு பண்ணியது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் என் பிரச்சினையே.

அப்பா வக்கீல் குமாஸ்தா. இருபத்தேழு வருஷமாகக் கோமதிநாயகம் வக்கீலுக்குக் கேஸ் கட்டுத் தூக்குகிறார். ஊரிலுள்ள கேஸ் நம்பரெல்லாம் அவருக்கு மனப்பாடம், என் பிறந்தநாள்தான் மறந்துபோகும். நான் ஐந்து வருஷம் படித்து, கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அதே கோர்ட்டுக்குள் நுழைய வேண்டுமாம். அவர் என் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாராம். சொல்லும்போதே கண் கலங்குகிறது. கண் கலங்குகிற ஆளிடம் எப்படி மாட்டேன் என்பது?

வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" சொல்லவே எனக்குத் தொண்டை அடைக்கும். ஆறாம் வகுப்புப் பேச்சுப்போட்டியில் "அவையோர்க்கு வணக்கம்" என்பதோடு இறங்கி ஓடியவள் நான். அப்பாவுக்கு இது தெரியாமல் இல்லை. அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவரே அவர்தான்.

மார்ச் 3

தமிழ்ப் பரீட்சை பரவாயில்லை. வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மார்ச் 11

நாளை மறுநாள் வணிகவியல். சாயங்காலம் உட்கார்ந்து படிக்கலாம் என்றால், அப்பா ஒரு தாளை நீட்டினார்.

"அஞ்சு நிமிஷம் தாயி. வக்கீல் ஐயாவோட டைப்பிஸ்டுக்குக் காய்ச்சல். நான் சொல்லச் சொல்ல எழுது. நாளைக்குக் காலையில தாக்கல் பண்ணணும்."

அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரமானது. அப்பாவிடம் வருகிற கட்சிக்காரர்கள் முதல் நாள் வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போதே, கூட ஆறு வெள்ளைத்தாளிலும் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் அவர்களை அலையவிடக் கூடாது என்று அப்பா செய்கிற உபகாரம். தேவைப்படும்போது மேலே எழுதிக்கொள்ளலாம். இந்தத் தாளிலும் அடியில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து இருந்தது.

விஷயம் ஏழே வரி. தாளோ பெரிது. அப்படியே எழுதினால் கையெழுத்துக்கு மேலே பாதித் தாள் காலியாக நிற்கும், பார்த்தாலே தெரிந்துவிடும் என்றார் அப்பா. அதனால் எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு வரி இடைவெளி விட்டு, சரியாகக் கையெழுத்துக்கு ஒரு விரற்கடை மேலே கொண்டுவந்து முடித்தேன். அதற்கு முன் வேறு தாளில் பென்சிலால் இரண்டு தடவை ஒத்திகை. ஏதோ வாதி, பாதை, மேற்கொண்டு நடத்த விருப்பமில்லை என்று வந்தது.

எனக்கு எழுத்து அச்சு மாதிரி வருவதுதான் நான் செய்த பாவம். வணிகவியலில் இரண்டு பாடம் மிச்சமிருக்கிறது.

மார்ச் 12

"யாரு எழுத்துவே இது, இவ்வளவு லட்சணமா இருக்கு?" என்று கேட்டாராம் வக்கீல். "நம்ம வருங்கால வக்கீலம்மா எழுத்து ஐயா" என்றாராம் அப்பா. பால்காரரிடம்கூடச் சொல்லியாயிற்று.

மார்ச் 26

பரீட்சை முடிந்தது. இனிமேல்தான் வதை.

கடையநல்லூர்ப் பெரியம்மா போனில்: "பொம்பளப் பிள்ள கோர்ட்டுப் படி ஏறுனா எவன்ளா கட்டுவான்?" பெரியப்பா பின்னாலிருந்து: "டைவர்ஸ் கேஸா எடுக்கச் சொல்லு, அங்கதான் கூட்டம்." அம்மா பி.காம். என்கிறாள், அப்புறம் பேங்க் பரீட்சை. என் எதிர்காலத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லாதவள் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்திதான்.

ஏப்ரல் 1

அப்பா கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பார்த்துப் பழகணுமாம்.

பத்தரையிலிருந்து ஒரு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தோரு கேஸ் கூப்பிட்டார்கள். இருபத்தாறுக்கு வாய்தா. வேறு வேலை இல்லாததால் எண்ணினேன். ஒரு கேஸில் சாட்சி விசாரணை. வீடு எப்போது கட்டினீர்கள் என்று வக்கீல் சுற்றிச் சுற்றி மூன்று தடவை கேட்டார். அந்த ஆள் முதலில் மூத்த மகள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் என்றார், கடைசியில் அந்த மகளுக்குப் பிள்ளை பிறந்த வருஷம் என்றார். இரண்டும் எப்படி ஒன்றாகும்? ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு உள்ளங்கை அரித்தது. எழுந்து சொல்வேனா என்றால், செத்தாலும் மாட்டேன்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் அப்பா, கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்துவிட்டு.

"போர்" என்றேன்.

"போகப் போகப் பிடிக்கும்" என்றார். இந்த மனிதரிடம் என்னதான் செய்ய?

ஏப்ரல் 4

மத்தியானம் அப்பா வீட்டில் இல்லாத நேரம் ஒரு அம்மா வந்தார். பெயர் சொர்ணத்தாய். அப்பாவின் கட்சிக்காரர், விசைத்தறியில் வேலை. அவர் வீடு பின்னால் இருக்கிறது, கொழுந்தன் வீடு முன்னால். நடுவில் ஒரு சந்து, அது ஒன்றுதான் வழி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொழுந்தன் சந்தில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டான். அதற்குத்தான் கேஸ். கேஸ் முடிகிறவரை பின்னாலிருக்கிற ஓடையில் இறங்கி ஏறிப் போகிறார், தண்ணீர்க் குடத்தோடு.

"அண்ணாச்சி இல்லியா? என் கேஸு முடிஞ்சுபோச்சுன்னு கோர்ட்டுல சொல்லுதாக. முடிஞ்சா எனக்குத் தெரியாதா? நகல் வாங்கியாந்தேன். எங்க வளவுல பக்கத்து வீட்டு ஆளுகள வாசிக்கச் சொன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாக."

அம்மா பெருமையாக, "எங்க வக்கீலம்மா வாசிப்பா. ஏட்டி, வாசிச்சுச் சொல்லு" என்றாள்.

ஜெராக்ஸ்தான், மேலே கோர்ட் சீல். வாசித்தேன். வாதியாகிய நான் இந்த வழக்கை மேற்கொண்டு நடத்த விருப்பமில்லாமல், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன் வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்.

"நானா?" என்றார் அந்த அம்மா. "நான் எப்பச் சொன்னேன்? இன்னொருக்க வாசி பிள்ள."

இன்னொரு தடவை வாசித்தேன்.

"எழுத்து அச்சாட்டம் இருக்கே. யாரு பெத்த பிள்ள எழுதுச்சோ" என்று தாளைத் தடவிப் பார்த்தார். அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பிறகு, "பால் பொங்குது" என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் வைக்கவே இல்லை.

யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுதுகிற ஆளுக்கு என்ன தெரியும்? சொன்னதை எழுதுவதுதானே வேலை.

ஏப்ரல் 5

தூக்கம் வரவில்லை. கொசு.

ஏப்ரல் 7

அப்பா குளித்துவிட்டு வந்ததும் கேட்டேன். நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"சொர்ணத்தாய் அம்மா கேஸ வாபஸ் வாங்கச் சொன்னாகளா அப்பா?"

"ஐயா சொன்னாரு."

"அவுக சொன்னாகளா?"

"ஐயா சொன்னா அவுக சொன்ன மாதிரிதான். வக்காலத்துன்னா அதான அர்த்தம்."

"ஐயா ஏன் சொன்னாரு?"

"கொழுந்தன்காரன் ஐயாவோட பழைய கட்சிக்காரன். சமாதானமாப் போகட்டும்னு நினைச்சிருப்பாரு."

"சமாதானம்னா கேட்டைத் திறந்து விட்டானா?"

அப்பா தலை துவட்டுவதை நிறுத்தினார். "இந்தா பாரு. எழுதுனவுகளுக்கு இதுல ஒரு குத்தமும் கிடையாது. நானும் இருபத்தேழு வருஷமா எழுதுதேன். போய்ச் சாப்பாட்டை எடுத்து வை."

குற்றம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அவராகத்தான் சொன்னார்.

ஏப்ரல் 9

வீட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. கடைக்கு ஏன் எப்போதும் நான்?

ஏப்ரல் 19

மார்க்கெட்டில் சொர்ணத்தாய் அம்மாவைப் பார்த்தேன். வலது காலில் மாவுக்கட்டு. ஓடையில் வழுக்கிவிட்டதாம். தறிக்குப் போய்ப் பத்து நாளாகிறது. நான் முருங்கைக்காய்க் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி மக தான நீ? அப்பாவ ஒரு தடவ வீட்டுக்கு வரச் சொல்லு தாயி, என்னால அவ்வளவு தூரம் நடக்க முடியல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 20

நான்தான் எழுதினேன்.

இந்த ஒரு வரியை எழுதப் பதினாறு நாள் ஆகியிருக்கிறது. இத்தனைக்கும் இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. நான் வக்கீலாவேனாம்.

ஏப்ரல் 22

காலையில் நூலகம் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஓடை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. கேட்டில் பூட்டு தொங்கியது. என் செருப்பில் ஒன்று சேற்றோடு போய்விட்டது.

சொல்லிவிட்டேன். எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்கக் கூடாது. மூன்று தடவை தண்ணீர் குடித்தேன்.

அழுவார் என்று நினைத்தேன், அல்லது போகட்டும் பிள்ள என்பார் என்று. இரண்டும் இல்லை.

"வாசிக்கத் தெரிஞ்சுதான எழுதுன?" என்றார். "வாபஸ்னு எழுதும்போது, இது யாரு கேஸுன்னு கேக்கத் தோணலியா உனக்கு? என் கையெழுத்த நான் ஒரு மாசமாப் போட்டுப் பழகுனேன், பிள்ள. கைநாட்டு வைக்கக் கூடாதுன்னு. அதுக்கு மேலயா எழுதுன?"

எழுத்து அடியில் சரியாக வந்து உட்கார வேண்டுமே என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையத்தில் ஜெசிந்தா என்று ஒரு வக்கீலைப் பார்த்தாராம். கையெழுத்துப் போட்டபோது தாள் வெற்றுத்தாளாக இருந்தது என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் கேஸை மறுபடி உயிர்ப்பிக்க மனுப் போடலாம் என்றாராம். "இப்பத்தான் ஆளு கிடைச்சாச்சே" என்றார் என்னைப் பார்த்து. "வாரியா, மாட்டியா? வரலன்னா இப்பவே சொல்லிரு. நான் நொண்டிக்கிட்டு அலைய முடியாது."

வாரேன் என்று தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்.

ஏப்ரல் 27

சட்ட உதவி மையத்துக்குப் போகவில்லை. அப்பாவிடம் சொல்லாமல் போவதா, சொல்லிவிட்டுப் போவதா? சொன்னால் போக விடமாட்டார். சொல்லாமல் போனால் அதுவும் கையெழுத்துக்கு மேலே எழுதுகிற வேலை மாதிரிதான். இப்படியே ஐந்து நாளாக மண்டையைக் குடைகிறேன். என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

ஏப்ரல் 30

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். கையில் சோறு இருந்தால் எழுந்து போக மாட்டார் என்று ஒரு கணக்கு.

சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நீ அங்க போய்ச் சொன்னா ஐயா என்னை வச்சிருக்க மாட்டாரு. தெரியும்லா?"

"தெரியும்."

"ஐம்பத்தி மூணு வயசுல வேற எந்த வக்கீலும் என்னைச் சேக்க மாட்டான்."

"தெரியும்பா."

"தெரிஞ்சுமா?"

அம்மா வந்து நடுவில் எதையாவது சொல்வாள் என்று பார்த்தேன். அம்மா பாத்திரத்தைத்தான் தேய்த்தாள்.

"இனிமே லா காலேஜ் பேச்சு இந்த வீட்டுல கிடையாது" என்றார் அப்பா. "உன்ன மாதிரி ஆளு அங்க ஒரு நாள் இருக்க முடியாது."

இரண்டு மாதமாக நான் சொல்ல நினைத்ததையே சொல்லியிருக்கிறார். சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஏன் இப்படி எரிச்சலாக வருகிறது?

மே 6

கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை, சட்ட உதவி மையம் மட்டும் திறந்திருந்தது. ஜெசிந்தா மேடம் ஓர் உணவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சாப்பிடவும் நேரமில்லாமல் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கேள்வி கேட்டுக் கேட்டு வாக்குமூலத்தை அவரே எழுதினார். பிறகு, "இந்தா, கையெழுத்துப் போடு" என்றார்.

"வாசிச்சுட்டுப் போடுறேன் மேடம்."

"நான் என்ன தப்பாவா எழுதப் போறேன்? சரி, வாசி."

வாசித்தேன். "இதுல 'என்னவென்று அறியாமல் எழுதினேன்'னு இருக்கு."

"ஆமா. உனக்கு நல்லதுதான்."

"அறியாம இல்ல மேடம். வார்த்தை எல்லாம் தெரிஞ்சுதான் எழுதினேன். கவனிக்கல. ரெண்டும் வேற."

"கவனிக்கலன்னு போட்டா குறுக்கு விசாரணையில உன்னக் கிழிச்சிருவாங்கம்மா."

"அறியாமன்னு போட்டா என் மார்க் ஷீட்டக் காட்டிக் கிழிப்பாங்க. தமிழ் மீடியம், பன்னிரண்டாம் வகுப்பு. வாபஸ்னா என்னன்னு தெரியாதான்னு கேட்பாங்க."

சொன்ன பிறகுதான் நான் சத்தமாகப் பேசியது எனக்கே தெரிந்தது. மேடம் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். திருத்தி எழுதி, ஓரத்தில் என்னைச் சுருக்கொப்பம் போடச் சொன்னார்.

"அடுத்து என்ன படிக்கப் போற?"

"எது வேணாலும். சட்டம் மட்டும் இல்ல."

"ரொம்ப நல்லது. ஏற்கெனவே எங்க கூட்டம் ஜாஸ்தி" என்று பொட்டலத்தை இழுத்து வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். ஒரு பேச்சுக்காவது, ஏன்மா, நல்லா பேசுறியே என்று சொல்லக் கூடாதா? வீடு வரைக்கும் இதே ஆத்திரம்.

மே 8

ரிசல்ட். அறுநூறுக்கு ஐந்நூற்று முப்பத்தெட்டு. அப்பா மார்க்கைத் தேதியோடு டயரியில் எழுதிக்கொண்டார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

மே 16

வக்கீலுக்கு நோட்டீஸ் போய்விட்டது. "வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சிய வளத்திருக்கீரேவே" என்றாராம். அப்பாவிடமிருந்த ஆபீஸ் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டாராம். இதை அப்பா சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அத்தை வந்து சொன்னாள்.

மே 22

பத்தரை மணிக்கு அப்பா வீட்டில் இருக்கிறார். எனக்கு அது பழகவே மாட்டேன் என்கிறது. பழைய நாளிதழ்களைத் தேதி வரிசையில் அடுக்குகிறார், கட்டு கட்டுகிறார், அவிழ்க்கிறார். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பழைய பேப்பர்காரனுக்கு எதுக்கு வரிசை?" என்று கத்தினாள். பிறகு அழுதாள். என்னைப் பார்த்து அழவில்லை. அது இன்னும் மோசம்.

சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க முப்பத்தொன்றாம் தேதி கடைசி. பி.காம். விண்ணப்பம் போன வாரமே போட்டாயிற்று. பிறகு ஏன் இந்தத் தேதி மண்டையிலேயே நிற்கிறது?

மே 26

நேர்மையாக எழுதிப் பார்க்கிறேன். எனக்குப் பேச்சு வராது. கூட்டத்தைக் கண்டால் பயம். பெரிய ஆள் அதட்டினால் அழுகை முட்டும். இவ்வளவும் மார்ச் மாதத்தில் உண்மை, இப்போதும் உண்மை. ஒன்றும் மாறவில்லை.

ஆனால் அந்த "அறியாமல்" என்ற சொல்லை அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டபோது, பயம் இருந்ததா என்று யோசிக்கிறேன். இருந்தது. இருந்தும் கை சரியாக வேலை செய்தது. பி.காம். படித்தால் எனக்கு அப்படிப் பயமே வராது. அதுதான் உறுத்துகிறது.

இதை யாரிடம் கேட்பது? இரண்டு மாதம் முன்னால் ஆளாளுக்குச் சொன்னார்கள். இப்போது சொல்ல ஒருத்தரும் இல்லை.

மே 30

காலையில் இ-சேவை மையத்துக்குப் போய்ச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன். அங்கே இருந்த அக்கா, "திருநெல்வேலிதான முதல் விருப்பம்? உறுதியா?" என்று கேட்டாள். உறுதியெல்லாம் இல்லை, போடுங்கள் என்றேன்.

சாயங்காலம் ரசீதை அப்பா முன்னால் வைத்தேன். எடுத்து வாசித்தார். இரண்டு பக்கமும் வாசித்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். சட்டை போட்டுக்கொண்டு, பித்தானெல்லாம் மாட்டிக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஜூன்ல கோர்ட் திறந்ததும் உன்னைச் சாட்சிக் கூண்டுல ஏத்துவாக. கேக்கது கொழுந்தன்காரனோட வக்கீலா இருந்தாலும் கேள்வியெல்லாம் ஐயாவோடதுதான். அவரு எப்படிக் கேப்பாருன்னு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எந்திரிச்சு நில்லு."

நின்றேன்.

"உனக்கு என்ன வயசும்மா?" குரல் அப்படியே கோமதிநாயகம் வக்கீலுடையது.

"பதினேழு."

"யாரு சொல்லிக்கொடுத்து இப்படிச் சொல்லுத?"

"யாரும் சொல்லிக்கொடுக்கல."

"கையெழுத்து முதல்லயே இருந்துச்சுன்னு எப்படிச் சொல்லுத? எழுதின பிறகுதான் அந்தம்மா போட்டாகன்னு நான் சொல்லுதேன்."

"பிறகு போடுறதா இருந்தா நான் எழுத்தைப் பெரிசாக்கி இடத்தை நிரப்ப வேண்டியதில்ல. ஏழு வரிய ஏன் ஒரு முழுத் தாளுக்கு இழுக்கணும்?"

"இத அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாத" என்றார் அப்பா, தன் சொந்தக் குரலில். பிறகு மறுபடி வக்கீலானார்.

"உன்னை எழுதச் சொன்னது யாரு?"

"அப்பா."

"கோர்ட்டுல அப்பான்னு யாரும் கிடையாது. பேரைச் சொல்லு."

பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன். அவர் முகத்துக்கு நேராக ஒரு நாளும் சொன்னதில்லை. சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"வேலாயுதம்" என்றேன்.

"கேக்கல" என்றார் அப்பா. கண் கலங்கியிருந்தது, குரலில் அது இல்லை. "அந்த ஜட்ஜுக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாச் சொல்லு."